சிறை மீண்ட நாயகனும் நூறாம் பக்கத்தில் மூடிய புத்தகமும்

கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ் வாசிப்பு வட்டம். ஜெயிலிலிருந்து வெளியே வந்தவன் நாயகனாக வரும் குற்ற நாவல்களை, எந்தத் தொடரிலும் சேராத தனி நாவல்களாகப் பார்த்துப் படிக்கிறார்கள். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பாதிப் பேர் நூறு பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். யார் சொல்வதை நம்புவது? டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தைக் களமாக வைத்து இப்படி ஒன்றைத் தமிழில் எழுதினால் எங்கே வழுக்கும்?

மூடியவர்கள் எந்தப் பக்கத்தில் சலித்தது என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் சலித்தது என்று சொல்லும் காரணத்தை மட்டும் நம்பாதீர்கள். "ரொம்ப மெதுவா போகுது" என்பது இந்த வகை நாவலுக்கு வரும் முதல் புகார். எட்டாம் பக்கத்திலேயே பிணம் விழுகிற நாவலுக்கும் இதே புகார் வருகிறது என்பதைக் கவனித்தால், வேகத்துக்கும் சலிப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது புரியும். வெளியே வந்தவனிடம் இழக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஆசிரியர் காட்டாமல் விட்டிருப்பார். அது தெரியாதவரை அவன் ஓடினாலும் உட்கார்ந்தாலும் வாசகருக்கு ஒன்றுதான்.

நம் வாசகர்கள் தொடர் நாயகர்களோடு வளர்ந்தவர்கள். கணேஷும் வசந்தும், விவேக்கும் ரூபலாவும் சாகமாட்டார்கள் என்பது அட்டையைப் பார்க்கும்போதே தெரியும். 'எப்படிக் கண்டுபிடிப்பார்கள்' என்ற ஒரே கேள்வியோடு படித்து முடிப்போம். தனி நாவலில் அந்த உத்தரவாதம் கிடையாது. கடைசி அத்தியாயத்தில் நாயகன் பிணவறையில் கிடக்கலாம், கூண்டில் நிற்கலாம், தப்பித்தும் போகலாம். ஆசிரியர் கையில் இருக்கும் முதலே இந்த நிச்சயமின்மைதான். அதனால் "பழைய துப்பறிவாளரைக் காணோமே" என்ற வகைக் கருத்துகளைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். அவர்கள் வேறு புத்தகத்தைத் தேடி வந்தவர்கள்.

மற்றக் கருத்துகளைச் சலிக்கவும் ஒரு வழி உண்டு. ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் பெரும்பாலும் மனநிலையைச் சொல்கின்றன. மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார். "முடிவு பிடிக்கவில்லை" என்பவரையும் "முடிவை நம்ப முடியவில்லை" என்பவரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முன்னவர் வருத்தப்பட்டவர், அவரை வருத்தப்பட வைத்தது நாவலின் வெற்றியாகக்கூட இருக்கலாம். பின்னவர் ஓட்டையைக் கண்டவர். "நாயகன் மேல் ஒட்டுதல் வரவில்லை" என்று யாராவது சொன்னால், அவன் கெட்டவனாக இருப்பதாலா, அளவுக்கு மீறி நல்லவனாக இருப்பதாலா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுதான் அதிகம். செய்யாத குற்றத்துக்காகப் பத்து வருடம் உள்ளே இருந்தவன் என்று வைத்தால் ஆசிரியருக்கு வேலை சுலபம், வாசகருக்கும் பரிதாபம் சுலபம். ஆனால் அந்த நொடியே அவன் சிறை மீண்டவன் என்ற பாத்திரத்திலிருந்து நழுவி, அநியாயம் இழைக்கப்பட்டவனாகிவிடுகிறான். அது வேறு கதை. செய்தான், பிடிபட்டான், அனுபவித்தான், செய்ததை அவன் அம்மாவும் மறக்கவில்லை: தாங்கக்கூடிய நாவல் இங்கேதான் தொடங்குகிறது.

இனி தென்னாப்பிரிக்கக் களத்துக்கு வருவோம். எழுத்தாளர்கள் பொதுவாகத் தாண்டிக் குதிக்கும் இடம் பரோல், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனைகளோடு வெளியே விடுவது. கதவு திறந்தது, அவன் வெளியே வந்தான், பழைய கூட்டாளி காரோடு நின்றான் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அப்படி நடக்காது. குறிப்பிட்ட கால அளவுள்ள நீண்ட தண்டனையில், பொதுவாகப் பாதியைக் கழித்த பிறகுதான் கோப்பு பரோல் குழு முன் போகும். தண்டனை விதிக்கும்போதே நீதிமன்றம் பரோல் கிடையாத காலம் ஒன்றைக் குறிக்கவும் முடியும். அது மொத்தத் தண்டனையின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. குழுவின் முன் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ வந்து தங்கள் தரப்பைச் சொல்லலாம். எந்த நாவலுக்கும் இதைவிட நல்ல முதல் அத்தியாயம் கிடைக்காது, ஆனாலும் இதை எழுதுபவர்கள் மிகக் குறைவு. வெளியே விடுவதற்கு முன் கைதி தங்கப்போகும் முகவரியைச் சரிபார்ப்பார்கள். அங்கே அவனை ஏற்றுக்கொள்ள ஒருவர் சம்மதிக்க வேண்டும். ஆக, சாட்ஸ்வர்த்தின் பேவியூவிலோ வெஸ்ட்கிளிஃபிலோ ஒரு ஃபிளாட்டில் இருக்கும் ஆயா, அதாவது பாட்டி, "வரட்டும்" என்று சொன்னால்தான் கதையே நகரும். அந்தச் சம்மதத்துக்குள் ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சண்டை அடங்கியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2008இல் ஆயுதக் கொள்ளைக்கு 18 வருடம் என்று வைத்தால், ஒன்பது வருடம் கழித்து 2017இல் அவன் வெளியே வரக்கூடும். ஆனால் தண்டனை 2026 வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை அவன் கட்டிவைத்த ஆள்தான். குறிப்பிட்ட நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, கண்காணிக்கும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து நிற்பார். குடிக்கக் கூடாது என்பதும் வழக்கமான நிபந்தனைதான். மீறினால் மீதிக் காலத்துக்கு உள்ளே. ஆயுள் தண்டனை என்றால் பரோலும் ஆயுளுக்குத்தான். 2004 அக்டோபருக்குப் பிந்தைய சட்டப்படி குறைந்தது 25 வருடம் கழிக்க வேண்டும், முடிவெடுப்பது அமைச்சர்.

இந்தக் கயிறுதான் நாவலின் எஞ்சின். நாயகன் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும், எதிரியோ ஒன்பது மணிக்குத் துறைமுகத்துக்கு வரச் சொல்கிறான். துப்பாக்கியே வெளியே எடுக்காமல் ஐம்பது பக்கம் நகம் கடிக்க வைக்க இது போதும். கயிற்றைக் காட்டாமல் அவனை ஜோஹன்னஸ்பர்க்குக்கும் மபூட்டோவுக்கும் பறக்கவிடும் நாவலை வாசகர் "நம்ப முடியல" என்று மூடுகிறார். அவருக்குப் பரோல் விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. இவனை யாரும் கேட்கவே இல்லையே என்ற உறுத்தல் ஒன்று போதும்.

பெயரைச் சுத்தம் செய்துகொள்ளும் கனவையும் கவனியுங்கள். பத்து வருடம் ஆனால் குற்றப்பதிவு அழிந்துவிடும் என்று பல கதைகளில் வருகிறது. விண்ணப்பித்து அழிக்கும் வசதி உண்டு. ஆனால் அபராதம், ஒத்திவைத்த தண்டனை போன்ற சிறிய வழக்குகளுக்குத்தான். அபராதத்துக்கு வழியே இல்லாமல் நேரடிச் சிறை அனுபவித்தவனுக்கு அந்தக் கதவு மூடியதே. அவனுக்கு மிஞ்சியது ஜனாதிபதியின் மன்னிப்பு. வேலைக்கு விரல்ரேகை கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த 18 வருடம் மேலே வந்து நிற்கும். வில்லன் "உன் ரெக்கார்டை அழிச்சுத் தரேன்" என்று ஆசை காட்டினால், அது பொய் என்று வழக்கறிஞர் பாத்திரத்துக்காவது தெரிந்திருக்கட்டும்.

காலம் தப்புவதுதான் அடுத்த குழி. 2008இல் உள்ளே போனவன் 2017இல் வந்தால் டர்பனே மாறியிருக்கும். கிரே ஸ்ட்ரீட்டின் பலகையில் டாக்டர் யூசுஃப் தாதூ. வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி கசேமே. ஸ்மித் ஸ்ட்ரீட் ஆன்டன் லெம்பேடே. வாயில் வருவது என்னவோ பழைய பெயர்தான், ஊரில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். விமான நிலையம் நகரத்தின் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்கு 2010 மே மாதம் போய்விட்டது; இசிப்பிங்கோ பக்கம் யாராவது விமானம் ஏறுவதாக எழுதினால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். 2009 ஜூலையிலிருந்து சிம் கார்டு வாங்க அடையாள அட்டையும் முகவரியும் கேட்கிறார்கள். ஆகவே 'தூக்கி எறியும் போன்' அவ்வளவு எளிதல்ல. யார் பெயரிலோ ஏற்கெனவே பதிந்த சிம்மைத் தெருவில் வாங்க வேண்டும், அந்த 'யாரோ' ஒரு சாட்சி.

போலீஸ் பதவிப் பெயர்கள் தப்புவதைப் போல வேறு எதுவும் தப்புவதில்லை. 2010 ஏப்ரலில் ராணுவப் பாணிப் பெயர்கள் திரும்ப வந்தன. அதற்கு முன் இன்ஸ்பெக்டர், அதற்குப் பின் வாரண்ட் ஆபீசர். சூப்பரின்டென்டென்ட் லெஃப்டினன்ட் கர்னல் ஆனார், டைரக்டர் பிரிகேடியர் ஆனார். நாயகனைப் பிடித்த இன்ஸ்பெக்டர் நாயுடு, அவன் வெளியே வரும்போது கர்னல் நாயுடு என்றால் அது வெறும் தகவல் இல்லை. ஒருவன் வளர்ந்த ஒன்பது வருடமும் இன்னொருவன் இழந்த ஒன்பது வருடமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டு நாவல் பழக்கத்தில் டிஎஸ்பி, ஏட்டு என்று எழுதிவிடாதீர்கள். அதேபோல் ஜூரி கிடையாது, 1969இலேயே ஒழித்துவிட்டார்கள். நீதிபதியோடு வழக்கை அலச உதவும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் உட்காரலாம், அவ்வளவுதான். தூக்குக் கயிறும் 1995 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்போடு போய்விட்டது. பிடித்தவனை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வாரக்கடைசி குறுக்கிட்டால் அடுத்த நீதிமன்ற நாள் வரை நீளும். அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலைக் கைது என்பது இங்கே தனி ஆயுதம்.

கதைக்கு உதவும் இரண்டு சட்டப் புள்ளிகள் பயன்படாமலே கிடக்கின்றன. ஒன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 204ஆம் பிரிவு: கூட்டாளி ஒருவன் உண்மையை முழுதாகவும் நேர்மையாகவும் சொன்னால் அவன் மேல் வழக்கே இல்லாமல் போகலாம். உங்கள் நாயகன் 18 வருடம் வாங்கியது எவனுடைய 204 சாட்சியத்தால் என்று ஒரு பெயரை வைத்துவிடுங்கள், பழிவாங்கலுக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம். இரண்டு, பெரும்பாலான குற்றங்களுக்கு 20 வருடம் கழிந்தால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடும். கொலை, ஆயுதக் கொள்ளை போன்றவற்றுக்குப் போகாது. பழைய திருட்டு செத்துவிட்டது, பழைய கொலை சாகவில்லை. இந்த இடைவெளியில் ஒரு முழு நாவல் கிடக்கிறது.

புதைத்து வைத்த பணம் இந்த வகையின் செல்லப் பிள்ளை. அவன் தோண்டி எடுக்கிறான், பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டுக்கட்டு. எந்த நோட்டு? மண்டேலா படம் போட்ட நோட்டுகள் 2012 நவம்பரில்தான் வந்தன. அதற்கு முந்தைய 200 ராண்டில் சிறுத்தை இருக்கும். அதிலும் 1994 வரிசை 200 ராண்ட் நோட்டுகளைக் கள்ள நோட்டுத் தொல்லையால் 2010 மே இறுதியோடு புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பணவண்டிக் கொள்ளையில் பெட்டி உடைந்து சாயம் தெறித்த நோட்டு என்றால் அது வெறும் காகிதம், ரிசர்வ் வங்கியும் மாற்றித் தராது. நல்ல நோட்டாகவே இருந்தாலும் வங்கியில் 25,000 ராண்டைத் தொட்ட ரொக்கத்தைப் பற்றி நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தகவல் போகும். அந்த வரம்பு 2022 நவம்பரில்தான் 50,000 ஆனது. ஆக, இருபது லட்சம் ராண்டைத் தோண்டி எடுத்தவன் ஒரு பழைய காரைக்கூட நிம்மதியாக வாங்க முடியாது. பணத்தை எடுப்பதோடு கதையை முடிப்பவர்கள் நல்ல பாதியை எழுதாமலே விட்டவர்கள்.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாக. அபராதத்துக்கு வழியில்லாமல் சிறை சென்றவன் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவன். கள்ளத்தனமாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலோடு பிடிபட்டாலே முதல் குற்றத்துக்கு 15 வருடம்தான் குறைந்தபட்சம், நீதிபதி வலுவான காரணம் கண்டாலொழிய. அதனால் நாயகன் பிஸ்டலைக் கையில் எடுக்கும் காட்சி, அவன் அதைச் சுடும் காட்சியைவிடப் பெரியது. மூன்று பக்கம் கொடுக்கலாம். போலீஸ் இடுப்பில் நீண்ட காலமாக இருப்பது இசட்88, ஒன்பது மில்லிமீட்டர், மேகசினில் 15 தோட்டா, குழலில் ஏற்கெனவே ஒன்று ஏற்றியிருந்தால் 16. பதினேழாவது சுட்டால் எண்ணிக்கொண்டிருக்கும் வாசகர் கண்டுபிடிப்பார். பிஸ்டல் வெற்றுக் குப்பியைத் தரையில் துப்பும், ரிவால்வர் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். தடயம் விடாத கொலையாளிக்கு எது வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள். ரிவால்வரில் சைலன்சர் மாட்டாதீர்கள். சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகச் சத்தம் வெளியேறிவிடும்.

சிறையைக் காட்டும்போது எண் கும்பல்களை, அதாவது 26, 27, 28 என்ற மூன்றையும், கொண்டுவந்து கொட்டும் ஆசை வரும். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நொங்கொலோசா என்பவரின் கொள்ளைக் கூட்டத்தை மூலமாகச் சொல்லிக்கொள்பவை. ஆதிக்கம் அதிகம் மேற்குக் கேப் சிறைகளில். கேப் டவுன் சிறையை அப்படியே தூக்கி டர்பனின் வெஸ்ட்வில் சிறையில் வைத்தால் ஒட்டாது. கும்பலில் சேராதவனை 'ஃபிரான்ஸ்' என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சரியாக வைத்தால் பத்துப் பக்க விளக்கம் தேவையில்லை. வெஸ்ட்வில்லிலும் விசாரணைக் கைதிகள் இருப்பது மீடியம் ஏ என்ற பிரிவில், நீண்ட தண்டனைக்காரர்கள் மீடியம் பியில். விசாரணைக் காலத்தில் மீடியம் பியில் உட்கார்ந்திருந்தான் என்று எழுதினால் அங்கே வேலை பார்த்த யாராவது ஒருவர் கடிதம் போடுவார்.

நடுவில் ஒன்று: வெளியே வந்த நாயகன் முதலில் சாப்பிடுவது கால் மட்டன் பன்னி (குடைந்த கால் ரொட்டிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பு) என்பதை யாராவது தடை செய்தால் நல்லது. எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். ஆயா வைத்த ரசம் அவனுக்குக் காரமாக இருக்கட்டும். ஒன்பது வருடச் சிறைச் சோற்றுக்குப் பிறகு நாக்கு மறந்திருக்கும்.

2021 ஜூலைக்குப் பிந்தைய கதையை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் வைத்தால் அந்த மாதம் நடந்த கலவரமும் அங்கே விழுந்த பிணங்களும் இல்லாததுபோல் எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் அந்நியனைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அதேபோல் மின்வெட்டு இருட்டில் ஒரு துரத்தல் வைக்க நினைத்தால் தேதியைப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்குச் சில மாதங்கள் சுழற்சி மின்வெட்டிலிருந்து விலக்கு இருந்தது.

மொழியில்தான் தமிழில் எழுதுபவருக்கு உண்மையான தலைவலி. சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த நாற்பது வயதுக்காரன் வீட்டிலும் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுவான், சிறையில் ஸுலு கலந்து பேசுவான். நாவல் முழுக்கத் தமிழ் என்பது ஓர் ஒப்பந்தம், வாசகர் அதை ஏற்பார். ஆனால் ஆயா நிஜமாகவே தமிழ் பேசும் இடம் வேறாக ஒலிக்க வேண்டும். மற்றவர்கள் பேச்சை ஊர் அடையாளம் இல்லாத எளிய தமிழில் வையுங்கள். ஆயாவின் வாயில் மட்டும் வட ஆர்க்காட்டிலிருந்து கப்பலேறி வந்த பழைய வழக்கு இருக்கட்டும். 'லானி', 'லைட்டி' போன்ற ஊர்ச் சொற்கள் முதலாளிக்கும் பொடியனுக்கும் அங்கங்கே வந்தால் போதும். வரிக்கு ஒன்று தூவினால் நாடகமாகிவிடும். சிறைக் கோப்பில் அவன் கவெண்டர், கும்பலுக்கு ஒரு பட்டப்பெயர், அக்காவுக்குத் தம்பி. மூன்று பெயரில் எதைச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள் என்பதாலேயே யார் பக்கம் என்று காட்டலாம்.

அந்த நூறு பக்கத்துக்குத் திரும்புவோம். ஆங்கிலத்தில் 90,000 சொல் வரும் திரில்லர் தமிழில் 60,000 சுற்றி நிற்கும், நம் சொற்கள் ஒட்டிக்கொள்வதால். அதில் முதல் 15,000 சொல் பழைய கதைக்கே போனால் நூறு பக்கத்தில் புத்தகம் மூடப்படும். பழைய குற்றத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் நான்கைந்து துண்டாக உடையுங்கள், ஒவ்வொரு துண்டும் முந்தையதைக் கொஞ்சம் பொய்யாக்கட்டும். காவலாளியைச் சுட்டது கூட்டாளி என்று முதலில் தெரியட்டும், இருநூறாம் பக்கத்தில் விசையை இழுத்தது இவன்தான் என்று தெரியட்டும். முடிவில் அவனைக் காப்பாற்றுவதா கொல்வதா என்பது உங்கள் விருப்பம். கண்காணிப்பு அதிகாரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடைசி அத்தியாயத்தில் வீட்டுக்கதவைத் தட்ட அவர் ஒருவர் பாக்கி இருப்பார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று பேரிடம் கொடுங்கள்: குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவர், ஓய்வுபெற்ற சிறைக் காவலர் ஒருவர், மாதம் நாலு நாவல் படிக்கும் ஓர் அக்கா. முதல் இருவரிடம் தப்பைக் குறிக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன பக்கங்களின் எண்ணை மட்டும் கேளுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.